விளங்கின பிள்ளைக்கு நான் எழுதிய ரோஸ்டர்

போன மாதம் பஸ்லியா வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கீழே வேலை பழகிய தாதி. இப்போது அவளே ஒரு வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கு அரைநாள் பயிற்சிப் பட்டறை ஒன்று நடத்துகிறார்களாம். ‘வேலைத்தளத்தில் கடினமானவர்களைக் கையாளுதல்’ என்று தலைப்பு. அதில் ஒரு மணித்தியாலம் நான் பேச வேண்டுமாம்.

“நீங்கதான் வரணும் சிஸ்டர். எப்பேர்ப்பட்ட ஆளையும் நீங்க ஒரு சத்தம் போடாம சமாளிச்சீங்க எண்டு இண்டைக்கும் கதைக்கிறாங்க,” என்றாள்.

கேட்க எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். ஓய்வுபெற்று நாலு வருடமாகிவிட்ட மனுஷியை யாராவது நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? அவள் போனதும் பழைய டயறி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். முதலாவது: முகத்துக்கு முன்னால் மறுக்கக் கூடாது. இரண்டாவது: அவர்களுக்கு விருப்பமான வேலையை முதலில் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. நான் எழுதிய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ரெஜினாவின் முகம் தெரிந்தது. ரெஜினா கடினமானவள் அல்ல. என் முப்பத்தைந்து வருடச் சேவையில் அவளைப் போல் லேசான ஆளை நான் கண்டதில்லை. அதுதான் சிக்கல்.

அடுத்த நாள் பஸ்லியாவுக்குத் தொலைபேசி எடுத்து வரமாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய காரணமாக அது இருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் மூன்று வருடம் தாதியர் படிப்பு. கஞ்சி போட்ட தொப்பி, விடுதிச் சாப்பாடு, வெள்ளிக்கிழமைகளில் உம்மாவை நினைத்து அழுகை. எல்லாருக்கும் உள்ளதுதான், விட்டுவிடுவோம். தொழிலை நான் உண்மையில் பழகியது எங்கள் கரையோரத்து வைத்தியசாலை ஒன்றில், தாதியருக்கெல்லாம் தலைவியான ஒரு மேற்றனுக்குக் கீழே.

மேற்றன் தம்பிலுவில் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை. யார் எந்த நாளில் எந்த நேரக் கடமை என்று எழுதும் தாளை நாங்கள் ரோஸ்டர் என்போம். காலை ஏழு முதல் ஒரு மணி, ஒரு மணி முதல் மாலை ஏழு, பிறகு இரவு. மேற்றன் அதை எழுதுவதைப் பார்க்க வேண்டும். முதலில் வேண்டுகோள் புத்தகத்தை இரண்டு தரம் வாசிப்பார். யாருக்கு எந்த நாள் லீவு வேண்டுமென்றாலும் அந்தப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பிறகு பென்சிலால் ரோஸ்டரை நிரப்புவார். நிரப்பி முடித்ததும் கோடு போடுகிற அடிமட்டத்தை ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வைத்து, அவளுக்கு எத்தனை மாலை, எத்தனை இரவு, எத்தனை ஞாயிறு என்று எண்ணுவார். ஒருத்திக்கு மற்றவளைவிட இரண்டு கூடினால் அழிறப்பரை எடுப்பார். எல்லாம் சரியென்றால் எழும்பிப்போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மையால் எழுதுவார். வியாழக்கிழமை பகலில் சுவரில் குத்திவிட்டால், அழிறப்பர் மேசை லாச்சிக்குள் போய்விடும்.

அவர் மறுப்பதும் அப்படித்தான். ஒரு தடவை பெரிய டொக்டர் ஒருவரின் மனைவி, அவளும் தாதிதான், குத்திய ரோஸ்டரில் தன் நாளை மாற்றச் சொல்லி வந்து நின்றாள். மேற்றன் தலையை நிமிர்த்தி, “ஏலாது மகள். அந்த நாள இன்னொரு புள்ளைக்குக் குடுத்தாச்சு. காலமச் சாப்பாடு சாப்பிட்டீங்களா?” என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அவள் போனாள், குறித்த நாளில் கடமைக்கும் வந்தாள். நான் மேற்றனிடமிருந்து பென்சிலையும் அடிமட்டத்தையும் கற்றுக்கொண்டேன். அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளவில்லை. அது இரக்கமில்லாத குரல் என்று அப்போது நினைத்தேன். நான் வார்டுக்குப் பொறுப்பாக வந்தால் இதைவிட அன்பாக நடப்பேன் என்றும் நினைத்தேன்.

பின்னாளில் நான் பொறுப்பெடுத்த எங்கள் வார்டின் தாதியரில் பாதிப்பேர் முஸ்லிம்கள், பாதிப்பேர் தமிழர். தமிழரில் சைவக்காரரும், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கிடையில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. பெருநாள் மாற்று என்று அதற்குப் பெயர். நோன்பு மாதத்தில் நோன்பு திறப்பது ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில். மாலைக் கடமை முடிவதோ ஏழுக்கு. அதனால் அந்த மாதம் முழுக்க மாலைக் கடமையைத் தமிழ்ப் பிள்ளைகள் எடுப்பார்கள். பதிலுக்குத் தீபாவளி, பொங்கல், கிறிஸ்து பிறந்த நத்தார், அதோடு அவர்கள் வீட்டில் ஏதும் விசேஷம் என்றால் அந்த நாள், எல்லாவற்றையும் முஸ்லிம் பிள்ளைகள் எடுப்பார்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை. யாரும் கையெழுத்து வைத்ததும் இல்லை. ரோஸ்டரில் பெயருக்கு மேலே பென்சிலால் சின்னதாக ‘மா’ என்று போடுவோம், அவ்வளவுதான். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பார்க்கப் பயந்த யுத்த காலத்திலும் அந்த ‘மா’ தவறவில்லை.

நான் பொறுப்பெடுத்து இரண்டாம் வருடம் மபாஸா வந்தாள்.

எங்கள் வார்டின் வாசலில் ஒரு சலவைக்கல் பலகை இருக்கிறது. அந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்தவர் பெயர் அதில் பொறித்திருக்கிறது. அது மபாஸாவின் வாப்பா. வந்த முதல்நாளே பலகைக்கு முன்னால் நின்று, முந்தானைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். வேலை தெரியாதவள் அல்ல. ஊசி போட்டால் நோயாளிக்கு நோவே தெரியாது. ஆனால் யன்னலோரக் கட்டில்கள் இருக்கிற பக்கம்தான் அவளுக்கு வேண்டும். மற்றப் பக்கத்தில் காத்தாடி மெதுவாகச் சுத்துதாம். மருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவளிடம்தான் இருக்க வேண்டும். தனக்கென்று பிடித்துவைத்த கதிரையில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஒருநாள் பயிற்சிக்கு வந்த பிள்ளை தெரியாமல் அதில் இருந்துவிட்டாள் என்று, மூன்று மணித்தியாலம் நின்றுகொண்டே வேலை செய்தாள். வார்டே அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும் என்று.

“இது எங்கட வாப்பா கட்டின வார்டு சிஸ்டர்,” என்பாள், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டு சொல்வதால் பதில் சொல்லவும் வழியில்லை.

நான் அவளைச் சமாளித்தேன். திறப்பைக் கொடுத்தேன். கதிரையைக் கொடுத்தேன். யன்னல் பக்கத்தைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். ஞாயிறு ஒன்றுவிட்டு ஒன்று போதும் என்றாள், சரி என்றேன். வார்டில் சண்டை இல்லை, மேலிடத்துக்கு முறைப்பாடு இல்லை. “ஜெஸீமா சிஸ்டர் கெட்டிக்காரி” என்று வைத்தியசாலை முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. மபாஸா வேண்டாம் என்று தள்ளிய மாலைகளும் ஞாயிறுகளும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. அவை ரெஜினாவுக்குப் போயின.

ரெஜினா கல்முனைக்காரி, வேதக்காரப் பிள்ளை. புருஷன் வீடு கட்டும் மேசன். ஒரே மகள். கேட்டால் மறுக்க மாட்டாள், அதனால் அவளிடமே கேட்டேன். கேட்பதற்கு என்னிடம் ஒரு வாசகம் இருந்தது. “நீங்க விளங்கின புள்ள” என்பேன். நிலைமையைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறவளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பாராட்டுவோம். நானும் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். அடிமட்டத்தை வைத்து எண்ணும் பழக்கத்தை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. எண்ணியிருந்தால் அப்படியொரு ரோஸ்டரை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வருட நோன்பு மாதத்தில் பெரும்பாலான மாலைகளை ரெஜினாவே எடுத்தாள். நோன்பு திறக்கும் நேரத்தில் மபாஸாவும் நானும் அவரவர் வீட்டில் கஞ்சி குடிக்க, அவள் வார்டில் இருந்தாள். பெருநாள் முடிந்த கிழமை வேண்டுகோள் புத்தகத்தில் முதல்முறையாக அவள் கையெழுத்தைக் கண்டேன். மூன்று மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பிட்டு, ‘மகளின் முதல் நன்மை. அன்று காலை லீவு தரவும்’ என்று எழுதியிருந்தாள். பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை அது. தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் வர, வெள்ளை உடுப்போடு மெழுகுதிரி பிடித்துப் பிள்ளை பீடத்துக்குப் போகும் என்று அவளே எனக்கு விளக்கினாள். அவள் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. அந்த ஞாயிறு காலைக்கு மபாஸாவின் பெயரை எழுதி, மேலே ‘மா’ போட்டேன்.

அந்த ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை பகல், கடமை முடிந்து போகும்போது மபாஸா என் மேசைக்கு வந்தாள்.

“சிஸ்டர், நாளைக்குக் காலம எனக்கு வரக் கஷ்டம். தங்கச்சிட மகனுக்கு சுன்னத்துக் கலியாணம். நீங்களும் வாறதானே, தெரியும்தானே உங்களுக்கு.”

எனக்குத் தெரியும். சுன்னத்து செய்த பிள்ளைக்கு வைக்கும் அந்த விருந்துக்கு என்னையும் என் கணவரையும் அழைத்திருந்தார்கள். விருந்து பகலுக்குத்தான். காலையில் அவள் கடமை பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் போயிருக்கலாம். ‘நாளைக்கு ரெஜினாட மகளுக்கு முதல் நன்மை. நீங்க வரத்தான் வேணும்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டே வசனம். அவை வாய்வரைக்கும் வந்தன. அவள் முகம் சுருங்கும், அந்த வீட்டு ஆட்கள் நாளை விருந்தில் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

“பாப்பம்,” என்றேன்.

எங்கள் ஊரில் மேலே இருக்கிற ஒருவர் பாப்பம் என்றால் அது பாதிச் சம்மதம். மபாஸாவின் வீட்டாருக்கு அது முழுச் சம்மதம். அவள் சந்தோஷமாகப் போனாள்.

நானே அந்தக் கடமையைப் பார்த்திருக்கலாம். தேய்த்த சீருடை அலுமாரியில் தொங்கியது. வார்ட் சிஸ்டர் ஒருத்தி ஞாயிறு காலை வந்து நின்றால் மரியாதை குறைந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், விருந்துக்கு ஆறுதலாக உடுத்து நேரத்தோடு போக வேண்டும் என்பதுதான். தொலைபேசியை எடுத்தேன்.

“ரெஜினா, ஒரு உதவி.”

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“நாளைக்கு மபாஸாவுக்கு வர ஏலாதாம். வேற ஒருத்தரும் இல்ல. பூசைக்கு ஒரு மணித்தியாலம் போயிட்டு வாங்க, அந்த நேரம் பயிற்சிப் புள்ள பாத்துக்கும்.”

“சிஸ்டர், நான் மூணு மாசத்துக்கு முந்தியே எழுதி வச்சேனே.”

“தெரியும் புள்ள. நான் என்ன செய்யிற, சொல்லுங்க? நீங்க விளங்கின புள்ள.”

பின்னால் வீட்டுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கிறது. அது நாலைந்து தரம் போய்த் திரும்பி வந்தது.

“ஓம் சிஸ்டர்,” என்றாள் ரெஜினா.

தொலைபேசியை வைத்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. அப்பாடா, சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை அந்த ஒரு மணித்தியாலமும் ரெஜினாவுக்குக் கிடைக்கவில்லை. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு முட்டிய நிலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒலுவில் பக்கத்து ஆள், இருதய வருத்தம். பயிற்சிப் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போகக்கூடிய நோயாளி அல்ல. ரெஜினா ஒட்சிசன் வைத்து, டொக்டரைக் கூப்பிட்டு, ஊசி போட்டு, கட்டிலைவிட்டு நகராமல் நின்றாள். பூசை நடக்கும் கோயிலின் மணிச்சத்தம் எங்கள் வார்டுக்குக் கேட்கும். மணி அடித்தபோது அவள் ஒருமுறை யன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நோயாளியின் நாடியைப் பிடித்தாள் என்று வார்டைக் கூட்டுகிற ராத்தா பிறகு எனக்குச் சொன்னார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். தாய் வர வேண்டிய பக்கத்தில் சித்தி வர, ரெஜினாவின் மகள் பீடத்துக்குப் போனாள்.

அதே பகலில் நான் மபாஸாவின் தங்கச்சி வீட்டில் சஹனைச் சுற்றி இருந்தேன். ஆறு பேர் ஒரே தட்டில் சாப்பிடுகிற எங்கள் வழக்கம். மபாஸாவே வந்து என் பக்கமாகப் பெரிய இறைச்சித் துண்டை ஒதுக்கி வைத்தாள். வட்டிலாப்பமும் இரண்டாம் தரம் வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ரெஜினா ஒரு பெட்டி நிறையக் கேக் கொண்டுவந்தாள். வார்டில் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு. எனக்கும் தந்தாள், மபாஸாவுக்கும் தந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் வாங்கிக்கொண்டு, “மகள் வடிவா இருந்திருப்பா என்ன?” என்றேன். “ஓமாம் சிஸ்டர், எல்லாரும் சொன்னாங்க,” என்றாள்.

அடுத்த நோன்பு மாதத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேண்டுகோள் புத்தகத்தைத் திறந்தேன். ரெஜினா ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இம்முறை விதிப்படி சமமாக ரோஸ்டர் எழுதித் தரவும்.’ கீழே மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். கூப்பிட்டுக் கதைத்தேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

“இவ்வளவு காலமா இருந்த வழக்கம் ரெஜினா. இத முறிக்கலாமா?”

“முறிச்சது நாங்க இல்ல சிஸ்டர்,” என்றாள்.

அந்த மாதம் முஸ்லிம் பிள்ளைகள் மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள். வாயில் பழம் இருக்கும்போதே கட்டிலில் இருந்து “மிஸ்ஸி” என்று கூப்பிடும் சத்தம் வரும். அந்த நத்தாருக்கு வேதக்காரப் பிள்ளைகள் அழுதுகொண்டு கடமைக்கு வந்தார்கள். ரோஸ்டர் சட்டப்படி சரியாக இருந்தது. கெட்ட காலங்களைத் தாண்டி வந்த ஒரு வழக்கத்தை நல்ல காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் நான் முடித்துவைத்தேன். அடுத்த வருடம் ரெஜினா இடமாற்றம் கேட்டாள். கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மபாஸா குர்பான் இறைச்சியோடு என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளும் ஒரு வார்டுக்குப் பொறுப்பு. தனக்குக் கீழே ஒரு பிள்ளை இருக்கிறாளாம், சொல்வழி கேட்பதே இல்லையாம். “நீங்க எப்பிடி சிஸ்டர் என்னயெல்லாம் சமாளிச்சீங்க?” என்று சிரித்தாள்.

என்ன நினைத்தேனோ தெரியாது, அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“அண்டைக்கு முதல் நன்மையெண்டு எனக்கு ஆரு சொன்ன? மாத்தெண்டு மட்டுந்தான் ரோஸ்டர்ல இரிந்திச்சி. ரெஜினா வீட்டுல சும்மா ஏதோ வேல எண்டு நினச்சன். நீங்களும் பாப்பம் எண்டீங்க. திங்கக்கிழம கேக்கு வந்தாப்போலதான் எனக்குத் தெரியும். அந்தக் கேக்க நான் தின்னல்ல சிஸ்டர், தின்ன மனம் வரல்ல. நீங்க கூப்பிட்டு ஏசுவீங்க எண்டு அண்டு முழுக்கப் பாத்துக்கிட்டு இரிந்தன். நீங்க ஒண்டுமே சொல்லல்ல. ஏசியிருந்தீங்கண்டா நான் போய் அவக்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பன்.”

அவள் சொன்னது உண்மையா, இத்தனை வருடத்துக்குப் பிறகு தனக்காகச் செய்துகொண்ட கதையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அன்றைக்கே நான் அடைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் வந்திருப்பாளோ, வந்திருக்க மாட்டாளோ, சொன்னால்தானே தெரியும்? எட்டு வருடம் அவளோடு வேலை செய்தேன். அவளிடம் நேராக ஒரு காரியத்தைச் சொல்லி, இதைச் செய்யத்தான் வேண்டும் என்று நான் கேட்டது ஒருநாளும் இல்லை. கெட்ட பெயர் எல்லாவற்றையும் அவள் தலையில் வைத்துவிட்டு, நல்ல பெயரை நான் வைத்துக்கொண்டேன்.

இதை ஒரு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். பஸ்லியாவுக்கு வரமாட்டேன் என்று சொன்ன அன்று பின்னேரம் ஓட்டோ பிடித்து ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெரிய பிள்ளை. “வாங்க அன்ரி” என்று கதிரையைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலுக்கும் வெட்கப்பட்டேன்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு வேறு வழி இருந்தது, நான் தேடவில்லை, விருந்துக்குப் போவதற்காக உங்களைக் கூப்பிட்டேன் என்று முழுவதையும் சொன்னேன். மபாஸாவிடம் காரணத்தைச் சொல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். ரெஜினா கையை மடியில் வைத்துக்கொண்டு, பழையபடியே அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னோட இன்னும் கோவமா ரெஜினா?” என்று கேட்டேன்.

“கோவமில்ல சிஸ்டர். எனக்கு ஆரோடயும் கோவிக்கத் தெரியாது,” என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“கோவிக்கத் தெரிஞ்சிருந்தா, அண்டைக்கு நீங்க எனக்கு லீவு தந்திருப்பீங்க.”